குழிக்குள் கடல் மணல்

பேய் ராத்திரியில்தான் வரும் என்கிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. இலங்கை மலைநாட்டில், லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், போன ஐப்பசி மாதம். ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த லயத்து வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் கண்ணால் கண்டது. யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். பொழுது சாய்ந்த பிறகு கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

லயத்தின் கடைசிக் காம்பரா, கடைசி வீடு, மதுஷாவுடையது. புருஷன் தினேஸுக்கு லுணுகலை டவுனில் ஹாட்வெயார் கடையில் வேலை. ஒரே மகள் தக்ஷி. நாலு வயது இன்னும் நிரம்பவில்லை. அடை மழைக்கு முன்னால் கக்கூஸ் கட்டிவிட வேண்டும் என்று தினேஸும் பக்கத்துக் காம்பரா இராமையாவும் சேர்ந்து பின்பக்கம் ஒரு குழி வெட்டினார்கள். ஆள் உயரக் குழி. ஏறி இறங்க மண்ணிலேயே படி. சீமெந்து வந்து சேரவில்லை. குழி திறந்தபடியே கிடந்தது.

எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எதிர் மலையில் கல் குவாரி இருக்கிறது. மத்தியானத்தில் பாறைக்கு வெடி வைப்பார்கள். முதலில் விசில். பிறகு… டமார்! லயத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தக்ஷியும் அந்தச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைதான். ஆனால் அன்றைக்கு விசில் ஊதியதும் அவள் தரையில் குப்புற விழுந்தாள். இரண்டு காதையும் பொத்தினாள். வாயை ஆவென்று திறந்துகொண்டாள்.

மதுஷாவுக்குச் சிரிப்பு வந்தது.

"என்னாடி இது கூத்து? வாய எதுக்குத் தொறக்குற?"

"மூடுனா காது வெடிச்சிருமாம். அக்கா சொல்லிச்சு."

"எந்த அக்கா?"

"குழியில இருக்குற அக்கா."

ராத்திரி மதுஷா இதைத் தினேஸிடம் சொன்னாள். அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "ஒன் மகதானே? இன்னும் ரெண்டு நாள்ல அந்த அக்காவுக்குக் கல்யாணமே பேசி முடிச்சிருவா" என்றான்.

மறுநாள் தக்ஷி ரொட்டித் துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். வெறும் மடியோடு ஏறி வந்தாள். குழிக்குள் ஒரு துணுக்குக்கூடக் கிடக்கவில்லை. அதற்கு அடுத்த நாள், குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு தாயைக் கூப்பிட்டாள்.

"அம்மா, கெதியா வாங்கோ. இடமிருக்கு."

மதுஷா கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். சீக்கிரம் என்பதைக் கெதியா என்கிற அந்தப் பேச்சு அவர்கள் வீட்டுப் பேச்சல்ல. லயத்தில் யாருடைய பேச்சும் அல்ல. டீவியில் கேட்டிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அவர்கள் டீவி ஆடி மாதமே பழுதாகிவிட்டது.

அன்று பின்னேரம் மகளைத் தூக்கி வர மதுஷா குழிக்குள் இறங்கினாள். தக்ஷி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் தள்ளித் தள்ளி இடம் விட்டிருந்தாள், நெருக்கி உட்கார்கிறவர்களுக்கு விடுவதுபோல. கீழே மண் வேறு மாதிரி இருந்தது. அந்த மலை மண் செம்மண், காலில் ஒட்டும். இது வெள்ளை. பொலபொலவென்று உதிர்ந்தது. விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள்.

உப்பு.

மகளைத் தூக்கினாள். படியில் கால் வைத்தாள்.

பின்னாலிருந்து பாவாடையை ஒரு கை பிடித்தது.

சின்னக் கை.

தக்ஷியின் இரண்டு கையும் அவள் கழுத்தில் இருந்தன…

மதுஷா போட்ட சத்தத்துக்கு லயமே கூடிவிட்டது. "மூடுங்க! இப்பவே மூடுங்க அந்தக் குழிய!" தினேஸ் முதலில் தயங்கினான். மனைவியின் முகத்தைப் பார்த்தபின் சரி என்றான். அடுத்த நாள் ஞாயிறு. குழியின் வாயில் வாழை இலை போட்டு, சோறும் கருவாடும் வைத்துப் படைத்தார்கள். கற்பூரம் கொளுத்தினார்கள். பிறகு தினேஸ் மண்ணைத் தள்ளி, ஏறி நின்று மிதித்து இறுக்கினான். இராமையா இருந்திருந்தால் ஒருவேளை தடுத்திருப்பார். அவர் உறவில் ஒரு நோயாளியைப் பார்க்கப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

கடைசி மண் விழுந்ததும் தக்ஷி இருமினாள்.

தண்ணீர் கொடுத்தார்கள். இருமல் நிற்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்கியது. மூச்சு மட்டும் உள்ளே போகவில்லை. உதடு நீலம் பாரித்தது. தினேஸ் ஆட்டோவுக்குப் போன் பண்ணினான். பனி இறங்கிவிட்டது, பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது, வர முடியாது என்றான் ஆட்டோக்காரன்.

தக்ஷியின் வாய் ஓரத்தில் ஏதோ வழிந்தது.

மதுஷா துடைத்தாள்.

மணல். வெள்ளை மணல்.

அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது. பின்பக்கம்… நிலத்துக்கு அடியிலிருந்து…

தட்… தட்… தட்…

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இராமையா உள்ளே வந்தார். மரம் விழுந்த இடத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வந்திருந்தார். தக்ஷி கண்ணைத் திறக்காமலே பேசினாள். குரல் அவளுடையதல்ல. கொஞ்சம் பெரிய பிள்ளையின் குரல்.

"மேல ஆக்கள் ஓடினம்… சத்தம் கேக்குது… ஒருத்தரும் நிக்கேல்ல…"

இராமையாவின் முகம் வெளுத்தது. "இது என் தங்கச்சி போன்ல பேசுற பேச்சு" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"அண்ணே, என்னா செய்றீங்க?"

"தோண்டுடா தினேஸ்! நிக்காத, தோண்டு!"

தோண்டினார்கள். மண்வெட்டி உள்ளவன் மண்வெட்டியால். மற்றவர்கள் கையால், சட்டியால், தகரத்தால். கொழுந்து பறித்து வெடித்த விரல்களில் ரத்தம் வந்தது. யாரும் நிறுத்தவில்லை. மதுஷா மகளை மடியில் வைத்துக்கொண்டு குழி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

தட்… தட்…

தட்…

பிறகு இல்லை.

"தோண்டுங்க! வுட்றாதீங்க!" என்று கத்தினாள் மதுஷா. மகளுக்காகத்தான் கத்தினாள். ஆனால் குழிக்குள் பார்த்தே கத்தினாள்.

வெள்ளை மணல் வந்தது. அதை அள்ளி வீசினார்கள். அடி தெரிந்தது. குழி காலி.

ஒரு பெருமூச்சு. உள்ளே இழுக்கிற மூச்சு. தக்ஷி வாய் விட்டு அழுதாள்.

இராமையா தன் தங்கைக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னார். பேர் இராக்கம்மா. மொனராகலைப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை, தனி ஆள். அதே கடைசிக் காம்பராவில் பிறந்தவள். எண்பத்து மூன்று கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தபோது தாய் தகப்பன் அவளைத் தூக்கிக்கொண்டு வடக்கே வன்னிக்குப் போனார்கள், அங்கே பயமில்லாமல் வாழலாம் என்று. இராமையா மாமன் வீட்டில் நின்றுவிட்டார். போரின் கடைசிச் சண்டையில் அவளுடைய மூன்று பிள்ளைகளும் போய்விட்டார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். எப்படி என்று இத்தனை வருடத்தில் அவள் சொன்னதில்லை.

அன்றைக்குச் சொன்னாள்.

கடற்கரையோரம், மணலில் வெட்டிய பங்கர், பதுங்கு குழி. பிள்ளைகளை உள்ளே இருத்திவிட்டு அவள் கஞ்சி வாங்கப் போனாள். ஷெல் பங்கருக்குள் விழவில்லை. பக்கத்தில் விழுந்தது. மணல் சரிந்து வாயை மூடியது. பிள்ளைகளுக்குக் காயம்கூடப் பட்டிருக்காது. மேலே சனம் ஓடிக்கொண்டிருந்தது. அவளையும் இழுத்துக்கொண்டு ஓடியது. அவள் திரும்பி வந்தபோது எது தன்னுடைய பங்கர் என்று தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் மணல்.

இன்றுவரை அந்த இடத்தை யாரும் தோண்டவில்லை.

இராமையா போனை மதுஷாவிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் அழுகை இல்லை. வறண்ட குரல்.

"குழியத் திரும்ப மூடுவியளோ தங்கச்சி?"

"இல்லங்க அக்கா. மூட மாட்டோம்."

பிறகு இராக்கம்மா மெதுவாகக் கேட்டாள்.

"பிள்ளையள் இப்ப மூச்சு விடுதுகளோ?"

எனக்கு ஒரு பிள்ளைதானே என்று சொல்ல வாய் எடுத்தாள் மதுஷா. சொல்லவில்லை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தக்ஷி தூங்கிக்கொண்டிருந்தாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். தக்ஷியின் மூச்சு, லேசான இழுப்போடு. அதை ஒட்டி இன்னொன்று. அதற்கும் அப்பால், சுவரோரம்…

"விடுதுங்க அக்கா" என்றாள் மதுஷா.