சீதன ஏசி

கல்யாணப் பேச்சின்போது என் மாமியார் ஏசி கேட்டது எனக்காகத்தான். "எங்க வீட்டுல சூடு ஜாஸ்தி சம்பந்தி. மலையில குளிருல வளந்த புள்ள, பதுளை வெக்கையில வதங்கிப் போயிரும். உங்க புள்ளைக்காகத்தான் சொல்றேன்" என்றார். அப்பா அதை அப்படியே நம்பினார். கொஸ்லந்தைப் பக்கத் தோட்டம் ஒன்றில் ஆயுள் முழுக்கத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர் அவர். வேலையை விட்டபோது கிடைத்த சேமலாபப் பணத்தில் ஏசியை வாங்கி, லொறியில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்து இறக்கிவிட்டுப் போனார்.

ஏசியை மாமியாரின் அறையில் பொருத்தினார்கள். எங்கள் அறைக்கு ஒரு பழைய ஃபேன் கிடைத்தது.

அப்பாவுக்கு இது தெரியாது. எங்களைப் பார்க்க வந்தால் முன் ஹாலைத் தாண்ட மாட்டார். சம்பந்தி வீட்டில் உள்ளே எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைப்பவர். ஃபோனில் மட்டும், "குளிரு ரொம்ப இருக்கா புள்ள? நல்லா போத்திக்கிட்டுத் தூங்கு" என்பார். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "போத்திக்கிறேன்ப்பா" என்பேன்.

புதிதாக இருந்தவரை அது மாமியாரின் ஏசி. பழசாகி மக்கர் பண்ணத் தொடங்கியதும் என் அப்பாவின் ஏசி ஆகிவிட்டது. முதலில் கடகடவென்று சத்தம் போட்டது. "லயத்துல குழாயடிச் சண்ட மாதிரியே இருக்கு" என்றார் மாமியார். பிறகு ஒரு புழுக்க வாடை வந்தது. "வந்த எடத்து வாடை போகுமா?" என்றார். கேஸ் குறைந்து குளிர் மந்தமானபோது, "ஆரம்பத்துலதான் சுறுசுறுப்பு, உங்க ஆளுக மாதிரி" என்றார். கரண்ட் பில் கூடினாலும் பழி கொஸ்லந்தைக்குத்தான் போகும். இத்தனைக்கும் மாமியாரின் அப்பாவும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்தான். பதுளையில் ஒரு கடை போட்டுவிட்டால் பிறந்த இடம் மறந்துபோகும் போலிருக்கிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் பல்லையும் பிடித்துப் பார்த்தார், பாலையும் கறந்துகொண்டார்.

கடைசியில் உள்ளே ஐஸ் கட்டி, சுவரோரமாகச் சொட்ட ஆரம்பித்தது. நான் ரிப்பேர் வேலை செய்கிற பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தேன். தண்ணீர் வெளியே போகிற குழாய் பாசி பிடித்து அடைத்திருக்கிறது, கழற்றிக் கழுவினால் சரியாகிவிடும் என்றார். மாமியார் அவரை ஏணியிலிருந்து இறங்கச் சொன்னார். "குடுத்தவங்கதான் செஞ்சு குடுக்கணும். நாங்க எதுக்குச் செலவழிக்கணும்?"

"என் சம்பளத்துல செய்றேன் அத்தை" என்றேன். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"இந்த வீட்டுக்கு வந்த பொறகு அது ஒன் சம்பளமா?"

சொட்டுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பேசின் வந்து உட்கார்ந்தது. மாமியார் கட்டிலை எதிர்ச் சுவர்ப் பக்கம் நகர்த்திக்கொண்டார். பேசினில் சேர்கிற தண்ணீர் கறுப்பாக, கொழகொழவென்று இருக்கும். தினமும் அதைக் கொண்டுபோய் ஊற்றியவள் நான்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் கண்ணில் புரை முற்றியது. அவருக்கு இருந்ததே ஒற்றைக் கண். இடது கண்ணை எப்போதோ கவ்வாத்து மலையில் தெறித்த தேயிலைக் குச்சி கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணுக்குப் பதுளையில் ஆபரேஷன் நடந்தது, நன்றாகவே நடந்தது. ஒரு வாரத்துக்குத் தண்ணீர் படக்கூடாது, வியர்வைகூட உள்ளே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அந்த வாரம் அப்பா எங்கள் வீட்டில் தங்கினார். அது சித்திரை மாதம். எங்கள் ஹாலில் உட்கார்ந்தாலே நெற்றியிலிருந்து வழியும். பகலில் மட்டுமாவது அப்பா ஏசி அறையில் படுக்கட்டும் என்று கேட்டேன். மாமியார் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அதுவரை சோற்றுக்கு மட்டுமே வாயைத் திறந்த என் வீட்டுக்காரர், "ஒரு வாரந்தானேம்மா" என்றார். அவர் சொன்னதால் நடந்தது.

அறைக்குள் வந்ததும் அப்பா நின்றுவிட்டார். மாமியாரின் சேலைகள் கொடியில் கிடந்தன. கண்ணுக்கு மேல் கட்டியிருந்த பிளாஸ்டிக் மூடியின் ஓட்டைகள் வழியே அப்பா ஏசியை அண்ணாந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஏதாவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

அன்று முழுக்க அவரைக் கட்டிலில் படுக்கவைத்து நானே பக்கத்தில் இருந்தேன். மறுநாள் பள்ளியில் பரீட்சை, லீவு கிடைக்கவில்லை. பின்னேரம் வந்து பார்த்தபோது அப்பா தரையில் பாயில் கிடந்தார், பேசின் இருந்த இடத்தில். கண்ணுக்கு மேலிருந்த அந்த ஓட்டை மூடி நனைந்து, கன்னம் வழியாகக் கறுப்புத் தண்ணீர் இறங்கியிருந்தது. பேசினைக் காணோம்.

"நான் படுக்கிற கட்டில்ல வேத்து ஆம்பள எப்பிடிப் படுக்கிறது?" என்றார் மாமியார், ஹாலில் இருந்தபடி. "எடம் அங்கதான் இருந்துச்சு. பேசினை வச்சா காலு பட்டுத் தட்டிவிட்ருவாரு."

அப்பா அவசரமாக எழுந்து உட்கார்ந்தார். "நாந்தான் பாய் போதும்னேன் புள்ள. சத்தம் போடாத."

"சொட்டுச்சே, எந்திரிச்சு வந்திருக்கக்கூடாதாப்பா?"

"குடுத்த பொருளு ஒழுகுதுன்னு நானே எப்பிடிச் சொல்றது?"

எனக்கு அந்தப் பொம்பளையை அறைய வேண்டும்போல் இருந்தது. அறையவில்லை, அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்து மருந்து விட்டேன், டாக்டரிடமும் காட்டினேன். இரண்டு நாளில் கண் சிவந்து வீங்கியது. வார்டில் சேர்த்து ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். சீழ் பிடித்த கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாமியாருக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. தெருவில் எல்லோரிடமும் டாக்டர் சொன்னதாகச் சொன்னார்.

தோட்டத்துக்குத் திரும்புகிற அன்று, பையை எடுக்க அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஹால் நாற்காலியில் உட்காரவைத்தேன். மாமியார் டீ போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பெருமூச்சோடு சொன்னார்: "என்னா பண்றது சம்பந்தி. அன்னைக்கே கொஞ்சம் நல்ல மிஷினாப் பாத்துக் குடுத்திருந்தா உங்களுக்கு இந்தக் கதி வந்திருக்காது."

அப்பா டீயைக் கீழே வைக்க இடம் தேடித் தடவினார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். மாமியார் நின்றது வலது பக்கம். அப்பா கும்பிட்டது ஃபிரிட்ஜை.

"பாத்துத்தான் வாங்கியிருக்கணுங்க. என் தப்புதான். மனசுல வச்சுக்கிட்டு எம்புள்ளய எதுவும் சொல்லிராதீங்க."

"சரி, விடுங்க" என்று மாமியார் அவரை மன்னித்தார்.