எடைமேடைக்காரரின் கிரேன்

காதைக் கிரேனின் கழுத்தோரம் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னுமோர் உப்புப் பொட்டலத்தைக் கொக்கியில் மாட்டுகிறார் எடைமேடைக்காரர். "பேசாதீங்க சார், அது என்னமோ சொல்ல வருது" என்கிறார். நான் எதிர்வீட்டுக்காரன். சுத்தியல் இரவல் கேட்க வந்தேன். சுத்தியல் ஏற்கெனவே கொக்கியில் தொங்குகிறது.

அது சொல்ல வந்தது 'படார்' என்பதைத்தான். மஞ்சளும் சிவப்புமாகக் கிரேனின் பொம்மைக் கட்டைகள் சோஃபாவுக்கடியில் ஓடி ஒளிந்தன. கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தம் கூரையை இடித்துக் கருத்துத் தெரிவித்தார். எடைமேடைக்காரர் முகத்தில் மட்டும் பரீட்சை பாஸான களை. "அப்பாடா, உடைஞ்சிடுச்சு! இப்பத்தான் சார் இதோட பலம் தெரிஞ்சுது."

லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் அவருக்கு உத்தியோகம். காலி வண்டியாக ஒருமுறை, சரக்கு ஏற்றியபின் ஒருமுறை எடை பார்த்துச் சீட்டுக் கிழிக்க வேண்டும். லாரியை அளந்து பழகிய கண் மனிதர்களைக் கண்டால் சும்மா இருக்குமா? விருந்துக்கு வந்த மைத்துனரை வழியனுப்பும்போது, "மச்சான் காலி வண்டியா வந்தாரு, லோடு வண்டியா போறாரு" என்று வாசலில் வைத்தே சொல்லிவிட்டார். மைத்துனர் அதன்பிறகு இந்தத் திசையில் தலைவைத்துப் படுப்பதில்லை.

நாளெல்லாம் பாரத்தைப் பார்க்கலாம், ஒரு குண்டூசியைக்கூடத் தூக்க வழியில்லை என்பதுதான் அந்த உத்தியோகத்தின் குறை. அதை மகள் தீர்த்துவைத்தாள். சிறு வயதில் விளையாடிய பிளாஸ்டிக் கட்டைகளையெல்லாம் அலமாரியில் போட்டுவிட்டு அவள் வேலை கிடைத்து வெளியூர் போக, சொத்து மகளிடமிருந்து தகப்பனுக்கு இறங்கியது. அன்றிலிருந்து கிரேன் கட்டுகிறார், பாரம் ஏற்றுகிறார், உடைக்கிறார், மறுபடி கட்டுகிறார். எடைக்கற்கள் கிடையாது. பூட்டு, டார்ச், அரிசி டப்பா என்று கண்ணில் படுவதெல்லாம் கொக்கிக்குப் போகும். அடுப்பிலேற்றக் குக்கரைத் தேடினால் அது அந்தரத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும்.

"தூக்குறது வேற, தாங்குறது வேற சார். எந்தக் கழுதையும் தூக்கிடும். தூக்கிட்டு நிக்குதா, அதான் கேள்வி." வேதாந்தம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அவர் அதைக் குக்கரைப் பற்றித்தான் சொல்கிறார்.

அவருடைய மனைவி தையல்காரம்மா. வீட்டில் துணி வெட்டத் தோதான ஒரே இடம் சாப்பாட்டு மேசை. கிரேன் நிற்கத் தோதான ஒரே இடமும் அதுதான். பள்ளிச் சீருடைகள் தைக்கக் குவிந்த வாரத்தில் அம்மையார் கத்தரிக்கோலோடு வந்து நின்றார்.

"துணியை நான் எங்க வெச்சு வெட்டுறது? உங்க தலை மேலயா?"

"கொஞ்சம் தாங்கிக்கோம்மா. இன்னும் ஒரே ஒரு டெஸ்ட்டு."

"கல்யாணம் ஆனதுலேருந்து தாங்கிக்கிட்டுத்தான் இருக்கேன். என்னைத் தூக்கி மாட்டிப் பாருங்க, தெரியும் யார் கெட்டின்னு."

எடைமேடைக்காரரின் கண் தொழில்முறையில் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது. "வேணாம்மா. கயிறு பத்தாது."

பந்தயம் பிறந்தது அந்த இடத்தில்தான். தையல்காரம்மாவின் வார்ப்பிரும்பு இஸ்திரிப்பெட்டியைக் கிரேன் தூக்க வேண்டும். அம்மையார் ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கும்வரை தாங்க வேண்டும். பெட்டி பத்திரமாகக் கீழே இறங்கினால் சாயங்காலங்களில் மேசை கணவருக்கு. விழுந்தால் கட்டைகள் அத்தனையும் சாக்கிலேறி மைத்துனர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போகும். நடுவர் பதவிக்கு வேறு ஆள் கிடைக்காததால் நான்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி மேலே எழும்பியது. கிரேனின் கை வில்லாய் வளைந்து, 'கிரீச்' என்று முனகி, நின்றது. தையல்காரம்மா டீயை ஊதினார். உறிஞ்சினார். ஆறிப் போனபின்பும் ஊதினார். "நில்லுடா கண்ணா, நில்லு" என்று கிரேனைக் கெஞ்சினார் எடைமேடைக்காரர். பெற்ற மகளிடம்கூட அவர் அப்படிக் குழைந்ததில்லை. கடைசியில் காலி டம்ளர் அம்மையார் கையில் கவிழ்ந்தது. கிரேன் நின்றபடியே இருந்தது.

"சரி, உங்க பொம்மை கெட்டிதான்" என்று அம்மையார் சாக்கை மடிக்க ஆரம்பித்தார். "இறக்குங்க. மேசையை வெச்சுக்குங்க."

நானும் நடுவர் என்ற முறையில் எழுந்து கை நீட்டினேன். எடைமேடைக்காரர் அதைப் பார்க்கவில்லை. காது கிரேனின் கழுத்துக்குப் போயிருந்தது.

"சார்... இது இன்னும் உடையலையே."

"அதான் ஜெயிச்சிட்டீங்களே! இறக்குங்க சார்."

"ஜெயிச்சது இருக்கட்டும். எவ்வளவு தாங்கும்னு தெரியலையே?"

தையல்காரம்மாவின் கை மடிப்பதை நிறுத்தியது. "இறங்குறதுக்குள்ள விழுந்தா சாக்குதான். ஒரு கட்டைகூட மிச்சம் வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"தெரியும்மா, தெரியும்" என்றார் எடைமேடைக்காரர். கிரேனின் கைப்பிடியைச் சுற்றிப் பெட்டியை இறக்கப் போனவர், பாதியில் கையெடுத்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். மேசை மேல் வேறு எதுவும் இல்லை. பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி, ஒருமுறை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்து, இஸ்திரிப்பெட்டியின் தலையில் பூ வைப்பதுபோல் வைத்தார்.