தாப்பாவில் குத்தியிருந்த சிவப்புக் குண்டூசி

மேனேஜர் அந்தச் சிவப்புக் குண்டூசியைப் பிடுங்கிவிட்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. ஈப்போ அலுவலகச் சுவரில் மலேசியாவின் பேராக் மாநில வரைபடம்; கம்பெனியின் ஸ்டோர் இருக்கிற ஈப்போ, பாகான் செராய், தாப்பா மூன்றிலும் ஊருக்கோர் ஊசி. மேசையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் தாப்பா ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் தாப்பா ஸ்டோரில் அரிசி, எண்ணெய், பிஸ்கட் பெட்டிகளைக் கடைகளுக்குப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தவள். மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றுவிட்டது. எதற்கெடுத்தாலும் பயம். சாயங்காலம் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். “அக்கா, இன்னொரு வாட்டி இழுத்தா கதவே கையோட வந்துரும்லா” என்று லாரி ஓட்டுநர் கேலி செய்வார். ஸ்டோருக்குப் பின்னால்தான் வீடு. வாதம் வந்து படுத்துவிட்ட கணவருக்கு மதியம் ஓடிப்போய்க் கஞ்சி ஊட்டிவிட்டு வருவேன். மேனேஜருக்கு அது தெரியும். தாப்பாவுக்கு வந்தால், “அண்ணனுக்கு ஊட்டியாச்சாக்கா?” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்.

ஸ்டோர்களைக் குறைத்து ஈப்போவில் ஒரே பெரிய கிடங்காக்கத் தலைமை அலுவலகம் அவரைத் திட்டம் போடச் சொன்னது. தாப்பா கடைகளுக்கு ஈப்போவிலிருந்தே சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேருமா என்று லாரி ஓட்டிப் பார்க்க வேண்டும். அவர்கள் குறித்த வாரம் புவாசா, நோன்பின் முதல் வாரம். பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடிக் கிடந்தன. வாசலில் கார் கிடையாது. மளிகைக்காரர்களும் சும்மா இருந்ததால் சரக்கை உடனே இறக்கிக்கொண்டார்கள். லாரி பறந்து போய்ப் பறந்து வந்தது. மற்ற மாதங்களில் இது நடக்காதென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

“ராயாப் பெருநாள் முடிஞ்சு இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கலாம்னு கேட்டேங்க்கா. அதான் நேரத்துக்குப் போயிருச்சே, இன்னும் என்னன்னுட்டாங்க” என்றார் மேனேஜர், என்னை ஈப்போ அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து.

“நான் ஈப்போவுக்கு வந்துட்டா அவருக்கு யாரு ஊட்டுவா, பாஸ்?”

“ஈப்போவுல உங்களுக்கு வேல கண்டிப்பா இருக்குக்கா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நான் கேட்டது அதுவல்லவே. அதன் பிறகுதான் எழுந்து போய் ஊசியைப் பிடுங்கினார். அவரைத் திட்டிப் பார்த்திருக்கிறேன், மனசுக்குள். அந்தச் சட்டைப் பை நினைவுக்கு வந்ததும் திட்டு பாதியில் நின்றுவிடும்.

அவரை ஜொகூருக்கு மாற்றிவிட்டார்கள். நான் தினமும் ஈப்போ கிடங்குக்கு வேலைக்கு வந்து போகிறேன். இப்போது லாரி நெரிசலில் மாட்டி மதியம் தாண்டித்தான் தாப்பாவுக்குப் போகிறது. கடைக்காரர்கள் போனில் ஏசுகிறார்கள். ஆனால் பழைய ஸ்டோரில் யாரோ சோபா விற்கிறார்கள். இனி யாரிடம் போய்ச் சொல்ல? கணவருக்குப் பக்கத்து வீட்டு அக்காதான் ஊட்டுகிறாள். அவளுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, சில நாள் மறந்துவிடுகிறாள். கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

மதியம் நான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிற இடத்திலிருந்து அந்த வரைபடம் தெரியும். தாப்பாவில் ஊசி இருந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. வீட்டுக்குப் போன் போடுகிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. யாராவது எடுக்கும்வரை, அந்த ஓட்டையைப் பார்த்தபடி, சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.