கழுவியதாகச் சொன்ன கைகள்

என் நாத்தனாருக்கு நான் வைத்திருக்கும் பட்டப்பெயர் மார்க் மகாராணி. நர்சிங் கல்லூரியில் முதுநிலைப் படிப்புக்கு அவள்தான் பொறுப்பாளர். என் கணவரின் தங்கை. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லி எங்களோடு தங்கிவிட்டவள். சாப்பாட்டில் உப்பு கூடினால் அதற்கும் அரை மார்க் குறைப்பாள். நல்லவள்தான், ஆனால் தன் பக்கம் தப்பு இருக்கிறது என்று அவளை ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் நம் உயிர் போய்விடும்.

அவள் கல்லூரியில் செய்முறைத் தேர்வு நடக்கும் கூடத்தில் கட்டில் கட்டிலாகப் பொம்மை நோயாளிகள் படுத்திருக்கும். கை கழுவ ஒரே ஒரு குழாய், அதிலும் தண்ணீர் அழுதுகொண்டுதான் வரும். ஒவ்வொரு பொம்மையைத் தொடும் முன்பும் கை கழுவ வேண்டும் என்பது விதி. எல்லோரும் வரிசையில் நின்று கழுவினால் தேர்வு முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். என் நாத்தனார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். 'கை கழுவுகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லி, காற்றிலே இரண்டு கையையும் தேய்த்துக் காட்டினால் போதும், மார்க் உண்டு. தேர்வு மளமளவென்று முடிந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர்களும் பாராட்டினார்கள். அன்றைக்கு இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மாணவிகளில் ஒருத்திக்குக் கணீரென்ற குரல். வெண்கலம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒரு வரி பிசகாமல் ஒப்பிப்பாள், இவளும் மார்க்கை அள்ளிக் கொடுப்பாள். படிப்பு முடிந்ததும் வெண்கலம் ஒரு பெரிய மருத்துவமனையில் அறுவைசிகிச்சை வார்டுக்குப் பொறுப்பு நர்ஸ் ஆனாள். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவள்தான். என் நாத்தனார் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

சென்ற வருடம் கல்லூரி முதல்வர், இந்த முதுநிலைப் படிப்பால் உண்மையில் என்ன பலன், எதைத் திருத்த வேண்டும் என்று மதிப்பிட்டுச் சொல்லும் வேலையை இவளிடமே கொடுத்தார். இவள் பழைய மாணவிகளுக்கெல்லாம் கேள்விகள் அனுப்பினாள். பதில்கள் எல்லாம் 'மிக நன்று' என்றே வந்தன. பெற்ற பிள்ளையிடம் போய் அம்மா சமையல் எப்படி என்று கேட்டால் வேறு என்ன வரும் என்று நான் கிண்டல் செய்தேன். அதில் ரோஷம் வந்து, அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினாள். முதலில் போனது வெண்கலத்தின் வார்டுக்கு.

வெண்கலம் காயங்களுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பயிற்சி நர்ஸ் ஒருத்தி. ஒரு கட்டிலை முடித்துவிட்டு அடுத்ததற்கு வந்ததும், "கை கழுவியாச்சு" என்று சொல்லி இரண்டு கையையும் காற்றில் தேய்த்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு காயத்தைத் திறந்தாள். குழாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஏதோ அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று என் நாத்தனார் நினைத்தாள். அடுத்த கட்டிலிலும் அதேதான். அதற்கடுத்த கட்டிலில் பயிற்சி நர்ஸும் அப்படியே சொல்லிக் காற்றைத் தேய்த்தாள்.

அந்த வார்டில் கொஞ்ச நாளாகவே தையல் போட்ட காயங்கள் சீழ் பிடித்துக்கொண்டிருந்தன. ஒருவருக்கு வயிற்றை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. அது சம்பந்தமாக அன்று மதியம் விசாரணை. வந்திருப்பவர் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஆயிற்றே என்று இவளையும் உட்காரச் சொன்னார்கள். நோய்த்தொற்றைக் கண்காணிக்கும் மருத்துவர் வெண்கலத்திடம் கை கழுவுகிறாயா என்று கேட்டார்.

"ஒவ்வொரு தடவையும் கழுவுறேன் சார்."

ஒரு வாரமாகத் தன் ஆட்கள் திரைக்குப் பின்னால் நின்று பார்த்ததாகவும், அவள் குழாயைத் தொட்டதே இல்லை என்றும் மருத்துவர் சொன்னார். வெண்கலம் சத்தியம் செய்தாள். தப்பைக்கூட மன்னிக்கலாம், இப்படி முகத்துக்கு நேரே பொய் சொல்கிறவளை வார்டில் வைக்க முடியாது என்று அவர் சீறினார். வெண்கலம் திரும்பி என் நாத்தனாரைப் பார்த்தாள். அவள் பொய் சொல்லவில்லை, கழுவியதாகவே நம்புகிறாள் என்பது அந்த அறையில் என் நாத்தனார் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனால் இவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெண்கலத்தின் பொறுப்பைப் பறித்து, துணி அடுக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவள் நேரே தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். தட்டை வைத்தால் அப்படியே கிடந்தது. அவள் அண்ணன் கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலையில், துணி மடித்துக்கொண்டிருந்தவளைப் பிடித்து உட்காரவைத்து என்னடி விஷயம் என்று உலுக்கினேன். எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அங்கேயே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டேன்.

"என் பேரு கெட்டுடும்னு பயந்துட்டேன் அண்ணி. அந்த வயித்தைத் திறந்தாங்களே, அவருக்கும் நான்தான் காரணம். அந்தப் பொண்ணு அங்க துணி அடுக்கிட்டு இருக்கா, நான் இங்க துணி மடிச்சிட்டு இருக்கேன்."

எனக்கு அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது. அழுவதை விட்டுவிட்டுப் போய்ச் சொல் என்றேன். போனாள். முதலில் மருத்துவரிடம், பிறகு முதல்வரிடம். மற்ற மருத்துவமனைகளுக்கும் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். இவளிடம் படித்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் காற்றில்தான் கழுவிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு குழாய் வைத்தார்கள். தேர்வில் வாயைத் திறக்கக்கூடாது, செய்து காட்டினால்தான் மார்க் என்று ஆக்கினார்கள். பழைய மாணவிகளைத் திரும்பக் கூப்பிட்டுப் பழக்கினார்கள். என் நாத்தனாரின் பொறுப்பு இன்னொருவருக்குப் போனது. அதற்கு அவள் முணுமுணுக்கவில்லை.

வெண்கலத்துக்கு வார்டு திரும்பக் கிடைத்தது. அன்றைக்குத்தான் இவள் மன்னிப்புக் கேட்கப் போனாள். வழியெல்லாம் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனதைத் தயார்செய்துகொண்டு போனாளாம். வெண்கலம் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்கள் மிஸ் என்றாளாம்.

"அன்னைக்கு நீங்க தலையைக் குனிஞ்சீங்களே மிஸ், என்னை நினைச்சு வெட்கப்படுறீங்கன்னு நினைச்சேன். உங்க பேரைக் கெடுத்துட்டேனேன்னு தினம் அந்தத் துணி ரூம்ல உக்காந்து அழுதேன். மன்னிப்புக் கேக்க உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன் மிஸ். உங்க முகத்தைப் பாக்கத்தான் தைரியம் வரல."