வெள்ளிக்கிழமைக் கோழி

அயர்லாந்திலிருந்து ஒரு விவசாய மாணவன் இரண்டு மாதம் தங்க எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு முழுக் காரணமும் என் கடிதம்தான். அறுபதுகளின் தொடக்கம் அது. கிளிநொச்சிப் பக்கம் அக்கராயன் குளத்தின் கீழ் எனக்கு மூன்று ஏக்கர் வயலும், அதைவிடப் பெரிய வாயும் இருந்தன. பரிமாற்ற மாணவர்களுக்கு வீடு தேடுகிறார்கள் என்று பேப்பரில் பார்த்ததும், ‘கலப்பில்லாத தமிழ்ப் பண்பாட்டை எங்கள் வீட்டில் கற்கலாம்’ என்று ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். போர்த்துக்கேயன் ‘கதிரை’ என்று பெயர் வைத்துவிட்டுப் போன நாற்காலியில் உட்கார்ந்துதான் அதை எழுதினேன் என்பது எனக்குத் தோன்றவில்லை.

வந்தவன் நல்ல பெடியன். ஆறடி உயரம், அவன் நடந்த வரம்பை அடுத்த நாள் நான் திருப்பிக் கட்டவேண்டும். ஆனால் எங்கள் கறியின் உறைப்பு அவனை விழுத்திவிட்டது. உறைப்பைக் குறைத்தால் பண்பாடு கெட்டுவிடும் என்று மனைவியைத் தடுத்தவன் நான்தான். வந்த நாலு நாளும் அவன் பேக்கரிப் பாணும் வாழைப்பழமுமாகக் கழித்தான். செய்தி எப்படியோ கொழும்புக்கு எட்டி, மாணவர்களுக்குப் பொறுப்பான அதிகாரியிடமிருந்து தந்தி வந்தது. வெள்ளி மத்தியானம் வருகிறாராம். பையன் சாப்பிடவில்லையென்றால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாராம்.

வெள்ளைக்காரன் என் வீட்டில் நிற்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அவன் போய்விட்டால் எந்த முகத்தோடு வாய்க்காலுக்குப் போவது?

“கோழி ஒண்டு அடிப்பம். இறைச்சி இல்லாமல் அவன் எப்பிடியப்பா இருப்பான்?” என்றேன் மனைவியிடம்.

“வெள்ளிக்கிழமையிலயோ? இஞ்சேருங்கோ, என்ரை குசினிக்குள்ள உங்களையே விடுறேல்லை. கோழியை விடுவனோ?”

ஆகவே முற்றத்து வேப்பமரத்தடியில் மூன்று கல் வைத்து நானே சமைத்தேன். அதுவரை தேத்தண்ணிகூட வைத்தறியாதவன். மாணவன் தூரத்தில் கைகட்டி நின்று மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து, முள்ளிவாய்க்காலில் கடலுக்குப் போகிற என் கூட்டாளி பஸ்ஸில் வந்து இறங்கினான். ஒவ்வொரு அறுவடைக்கும் கருவாட்டுச் சாக்கோடு வந்து நெல்லோடு திரும்புகிறவன். வேதக்காரன், கழுத்தில் சிலுவை தொங்கும்.

கோழியை மாணவன் முன்னால் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முகம் சிவந்தான். தொடவில்லை.

கூட்டாளி குனிந்து அவன் கழுத்தை உற்றுப் பார்த்தான். “மச்சான், நாலு நாளா இவனோட இருக்கிறாய், இதைக் காணேல்லையே? மாதா பதக்கமடா. இவன் எங்கடை ஆள். வெள்ளிக்கிழமை நாங்கள் இறைச்சி தொடமாட்டம்.”

“அப்ப வெள்ளிக்கிழமையில நீ என்ரை வீட்டில மரக்கறி தின்னுறது?”

“ஏன்?”

“எனக்குத் தாற மரியாதை எண்டெல்லோ பத்து வருசமா நினைச்சனான்!”

“உனக்கோ? ஆண்டவருக்கடா!”

நான் ஆங்கிலத்தில் கேட்டபோது மாணவன் தலையாட்டினான். மரத்தடி அடுப்பை ஏதோ பூசை என்று நினைத்தானாம். வேண்டாம் என்றால் எங்கள் சாமியை அவமதித்ததாகிவிடுமே என்று வாய் திறக்கவில்லையாம்.

மனைவி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என் பண்பாட்டுச் சட்டத்தை மீறி உறைப்பில்லாமல் ஆக்கி வைத்திருந்த கத்தரிக்காய்ப் பால்கறியையும் பருப்பையும் சோற்றோடு கொண்டுவந்து வைத்தாள். எங்கள் வெள்ளிக்கும் அவர்களுடைய வெள்ளிக்கும் அந்த ஒரு சட்டி போதுமாக இருந்தது.

மாணவன் மூன்றாம் முறை சோறு வாங்கும்போது, கிளிநொச்சித் தெருப்புழுதி முழுவதையும் உடம்பில் சுமந்துகொண்டு அதிகாரி வந்தார். மாணவனைப் பார்த்தார். மூக்கை உயர்த்தி வாசம் பிடித்தார். “அது என்ன கறி?” மாணவன் தொடாத, கூட்டாளி தொடாத, நானும் தொடமுடியாத கோழியை அவரிடம் தள்ளினேன். எலும்பு மட்டும் மிஞ்சியது.

கைகழுவிவிட்டு அவர் மாணவனிடம் கேட்டார்: “கொழும்பில் நல்ல பங்களா இருக்கிறது. வருகிறாயா?”

மாணவன் என் மனைவியைக் காட்டி, அடுத்த வெள்ளியும் இதே கறி கிடைக்குமா என்று என்னிடம் கேட்டான். அதை மனைவியிடம் தமிழில் சொன்னேன்.

“ஓம் தம்பி,” என்றாள் அவள்.

மொழிபெயர்க்க என்னை அவன் விடவில்லை. “அப்ப நிக்கிறன்,” என்றான், நாலு நாளில் பொறுக்கிய தமிழில்.

அடுத்த வருடமும் மாணவன் ஒருவனைக் கேட்டு எழுதினேன். ‘கலப்பில்லாத’ என்ற சொல்லை வெட்டிவிட்டு மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

“உறைப்புக் குறைச்சுத் தருவம் எண்டும் எழுதுங்கோ,” என்றாள். “சமைக்கிறது நான்தான் எண்டதையும்.”