ஐந்து வீடு, ஒரே மீட்டர்

சூடாமணிக்கு வந்த குறுஞ்செய்தியில் மூன்றே வரிகள். மகளிர் உரிமைத் தொகைக்கு அவள் கொடுத்த விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. காரணம், வீட்டின் ஆண்டு மின் பயன்பாடு மூவாயிரத்து அறுநூறு யூனிட்டுக்கு மேல் போகிறது. இரண்டு முறை படித்துவிட்டுத் தலையைத் தூக்கித் தன் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், தையல் மிஷினில் பொருத்திய சின்ன மோட்டார், ஒரு டிவி, மகள் கீர்த்தி படிக்கிற இடத்தில் ஒரு பல்பு. அத்தனையும் ஓயாமல் ஓடினாலும் அந்த எண்ணைத் தொடாது என்பது அவளுக்குத் தெரியும்.

மேற்கு மாம்பலத்தில், ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் வரும் ஒரு சந்தில் அந்த வீடு இருக்கிறது. கீழே ஐந்து போர்ஷன்கள், மாடியில் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கனும் அவர் மனைவி நீரஜாவும். சூடாமணி அங்கே குடிவந்து பதினாறு வருடம் ஆகிறது. வந்தபோது கணவன் இருந்தான். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன், சிறுநீரகம் கெட்டு ஒரே வருடத்தில் போய்விட்டான். கீர்த்திக்கு அப்போது நான்கு வயது. கடை முதலாளி சண்முகசுந்தரம் வீட்டுக்கு வந்து மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு, கடையில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் வேலையை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். மறுவாரத்திலிருந்து அந்த வேலை அவளுக்கு வந்தது. பிறகு பிளவுஸ் கற்றுக்கொண்டாள். இன்று நாற்பத்தாறு வயதில், மாம்பலத்திலிருந்து ராஜா அண்ணாமலைபுரம் வரைக்கும் அவளிடம்தான் பிளவுஸ் தைத்துக்கொள்வேன் என்று சொல்கிற பெண்கள் இருக்கிறார்கள். கீர்த்தி நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். உரிமைத் தொகையாக வரும் மாதம் ஆயிரம் ரூபாய், இலவச பஸ் போகாத இடங்களுக்குக் கீர்த்தி போய்வருவதற்கும், புத்தகத்துக்கும், செருப்புக்கும் ஆகும் என்று சூடாமணி நினைத்துவைத்திருந்தாள்.

அந்த வாரத்துக்குள் மற்ற நான்கு வீட்டுப் பெண்களுக்கும் அதே மூன்று வரி வந்தது. ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டு வீடுகளில் சமைக்கும் ஜெயபாரதிக்கு வந்தது. நகைக்கடையில் வேலை பார்க்கும் சிந்துவுக்கு வந்தது. ஆட்டோ ஓட்டும் ஷரீஃபின் மனைவி நஸ்ரினுக்கும், கடைசிப் போர்ஷனில் தனியாக இருக்கும் விசாலாக்ஷி மாமிக்கும் வந்தது.

காரணத்தைத் தேட வேண்டிய நேரத்தில் அவர்கள் ஆளைத் தேடினார்கள். எல்லாருக்கும் ஒரே லைன்தானே, நஸ்ரின் இட்லி மாவு அரைத்து விற்கிறாள், அவள் கிரைண்டர்தான் கரண்டை இழுக்கிறது என்றாள் சிந்து. மாமி வீட்டில் ஃப்ரிட்ஜ் எந்நேரமும் ஓடுகிறது, தனியாள் ஒருத்திக்கு அது எதற்கு என்றாள் நஸ்ரின். ஜெயபாரதி யாரிடமும் பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். அதுவரை ஒருவர் வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் இன்னொருவர் போய் அணைத்துவிட்டு வரும் இடம் அது. இப்போது அடுத்த வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறதா, எத்தனை நேரம் எரிகிறது என்று பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். சூடாமணியும் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன்மீதே எரிச்சல் கொண்டாள்.

எரிச்சலோடுதான் ஒரு காலை வாசல் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியின் முன்னால் போய் நின்றாள். பதினாறு வருடமாகப் பார்க்கிற பெட்டி. அரசாங்க மீட்டர் ஒன்றே ஒன்று. அதன் கீழே ஸ்ரீரங்கன் போர்ஷனுக்கு ஒன்றாகத் தன் செலவில் மாட்டிவைத்த ஐந்து சின்ன மீட்டர்கள். அவற்றைப் பார்த்துத்தான் அவர் குடித்தனக்காரர்களிடம் கரண்ட் பணம் வாங்குவார். ஆனால் மின்வாரியத்தின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது அந்த ஒரே மீட்டர்தான். மாடியில் இரண்டு ஏசி ஓடுகிற வீட்டையும் கீழே ஐந்து குடித்தனத்தையும் சேர்த்து அது ஒரே குடும்பமாகக் கணக்கில் வைத்திருந்தது. அதே கணக்குதான் ஐந்து பேர் பெயருக்கும் போயிருந்தது.

மாடி ஏறிப் போனாள். ஸ்ரீரங்கன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மோசமான மனிதர் இல்லை, ஆனால் பயந்த சுபாவம். ஐந்து வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் ஓடுகிறது, இன்ன இன்ன யூனிட்தான் ஆகிறது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும், மேல்முறையீட்டுக்கு இணைக்கலாம் என்று சூடாமணி விளக்கினாள்.

"நான் எழுதிக் குடுத்துட்டு உக்காந்துண்டிருந்தா, நாளைக்கு இ.பி.காரா வந்து வாசல்ல நிப்பா" என்றார் அவர்.

அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று அவளுக்குத் தெரியும். யூனிட்டுக்கு வாரியம் வாங்குவதைவிட அவர் கொஞ்சம் கூடத்தான் வாங்கிக்கொண்டிருந்தார். அதை அவள் சொல்லிக்காட்டவில்லை. தனித்தனி இணைப்பு வாங்கினால் வீட்டுக்கு வீடு முதல் நூறு யூனிட் இலவசம் என்பதையும், ஒரே மீட்டரில் எல்லாம் ஏறுவதால் அவருடைய பில்தான் உயர்ந்த விலையில் போய் நிற்கிறது என்பதையும் மட்டும் எடுத்துச் சொன்னாள். அவர் பேப்பரை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பதில் உள்ளேயிருந்து வந்தது.

"ரெண்டு ஏசியும் நம்மாத்துலதானே ஓடறது. அதுக்கு அவா அஞ்சு பேரும் ஏன் பதில் சொல்லணும்? எழுதிக் குடுங்கோ" என்றாள் நீரஜா.

கடிதம் அன்று மாலை கீழே வந்தது. எண்கள் சரியாக இருந்தன. மாடியில் ஓடும் ஏசிகளின் கணக்கும் அதில் இருந்தது.

சூடாமணி மற்ற நால்வரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். கடிதத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தாள். நஸ்ரினின் கிரைண்டரும் சேர்த்து அவள் வீட்டுக்கு ஆனது அரசு வைத்த வரம்பில் பாதிகூட இல்லை. மாமி வீட்டுக்கு, ஃப்ரிட்ஜையும் சேர்த்து, எல்லாரையும்விடக் குறைவு. சிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நஸ்ரினிடம், நாளைக்கு அரைக் கிலோ மாவு வேண்டும் என்றாள். மன்னிப்பு என்று யாரும் எதையும் கேட்கவில்லை. அந்த அரைக் கிலோவோடு அது முடிந்தது.

மேல்முறையீட்டு விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று ஐவரும் சேர்ந்தே போனார்கள். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் வந்தது. கண்டக்டர் ஐந்து சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு கூப்பிட்டார்கள். அதிகாரி நாற்பது வயதுப் பெண். கடிதத்தையும் சின்ன மீட்டர்களின் படங்களையும் பொறுமையாகப் பார்த்தார். ஆள் அனுப்பி நேரில் பார்க்கச் சொல்கிறேன், சரியாக இருந்தால் திருத்தி அனுப்புவோம் என்றார். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். சூடாமணி எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? நாங்க அஞ்சு பேரும் பஸ்ஸுலதான் வந்தோம். உன் வூட்டு கரண்ட் பில்லு இன்னான்னு கண்டக்டர் கேக்கல. இங்க மட்டும் ஏன் கேக்குறீங்க?"

ஜெயபாரதி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. தினமும் கேள்வி கேட்கிற வேலையில் இருப்பவருக்கு, தன்னிடம் ஒருத்தி கேள்வி கேட்டது பிடித்திருந்ததோ என்னவோ. அரசாங்கத்திடம் இருக்கும் பணம் அளவானது, கஷ்டப்படுகிறவர்களுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் வடிகட்டித்தான் ஆக வேண்டும் என்று சொன்னார். பிறகு நேராகவே கேட்டார்.

"எல்லாருக்கும்னா, மாடியில ஏசி போட்டிருக்கிற உங்க வீட்டுக்காரம்மாவுக்கும் ஆயிரம் ரூபா குடுக்கணும். குடுக்கலாமா?"

அந்தக் கேள்வி நியாயமானதுதான் என்று சூடாமணிக்குப் பட்டது. நஸ்ரினுக்கும் நீரஜாவுக்கும் ஒரே தொகை என்றால் அதிலும் ஏதோ இடிக்கத்தான் செய்தது.

"ரேசன் அரிசி அவங்க கார்டுக்கும்தான் கீது மேடம். அவங்க வாங்குறதில்ல, வேணாம்னு உட்டுட்டாங்க. வேணுன்றவங்க நாங்க க்யூவுல நிக்கிறோம். ஆனா அந்த அரிசிக்காக நான் ஏழைன்னு எழுதி யார்கிட்டயும் நீட்டல. இந்த ஆயிரத்துக்குத்தான் ஒருத்தர் வூட்டை ஒருத்தர் எட்டிப் பாக்க வேண்டியதாப் போச்சு."

இதை முடிவு செய்வது தன் கையில் இல்லை என்று மட்டும் அதிகாரி சொன்னார். ஆனால் நேரில் பார்க்க வர வேண்டிய ஆள் மூன்றாம் நாளே வந்தார். அவர் மீட்டர்களைப் படம் எடுத்துக்கொண்டு போனபோது ஸ்ரீரங்கன் மாடியிலிருந்து கீழே இறங்கவே இல்லை.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. நான்கு பேருக்குக் கிடைத்தது. விசாலாக்ஷி மாமிக்குக் கிடைக்கவில்லை.

இந்த முறை காரணம் மின்சாரம் இல்லை. அவருடைய ரேஷன் கார்டில் மகன் ராகவேந்திரன் பெயர் இருந்தது. அவன் பெங்களூரில் நல்ல கம்பெனியில் இருக்கிறான், வருமான வரி கட்டுகிறான்; அப்படி ஒருவர் பெயர் கார்டில் இருந்தால் இந்தத் தொகை கிடையாது. அவன் அனுப்புவதில்தான் மாமி சௌகரியமாக இருக்கிறார் என்று அந்த வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். சூடாமணியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆறுதல் சொல்லலாம் என்று அவள் போனபோது மாமி கதவை ஒருக்களித்துத் திறந்தார். உள்ளே உட்காரவைத்து, மோர் எடுக்க மாமி ஃப்ரிட்ஜைத் திறந்தபோது, அதில் ஒரு பாத்திரம் மோரும் பாதி எலுமிச்சம்பழமும் மட்டும் இருந்ததை அன்றுதான் அவள் பார்த்தாள்.

"அவன் பணம் அனுப்பி மூணு வருஷம் ஆச்சு. கேட்டா அனுப்புவான். நான் கேக்கலை" என்றார் மாமி.

அவர் நாலு வீட்டுக் குழந்தைகளுக்கு ஸ்லோகமும் கணக்கும் சொல்லிக்கொடுத்து அதில் வருவதை வைத்து நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். கார்டிலிருந்து மகன் பெயரை எடுத்துவிட்டால் அடுத்த விண்ணப்ப முகாமில் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று சூடாமணி சொன்னாள். பேரை எடுத்தால் அவன் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று தானே எழுதிக் கொடுத்தது மாதிரி ஆகாதா என்று மாமி கேட்டார். அது உங்க இஷ்டம் மாமி என்று சொல்லிவிட்டுச் சூடாமணி வந்துவிட்டாள்.

அன்று ராத்திரி, தன் பணத்தில் கொஞ்சம் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது; கொடுத்தால் மாமி அதற்குப் பிறகு தன் முகத்தைப் பார்க்கமாட்டார் என்றும் தோன்றியது. தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. அவள் வீட்டில் பிளவுஸ்கள் மலைபோலக் குவிந்திருந்தன. மறுநாள் இருபது பிளவுஸை எடுத்துக்கொண்டு மாமியிடம் போய், ஹூக் தைத்துக் கொடுக்க ஆள் இல்லை, எனக்குக் கண் வலிக்கிறது, பிளவுஸுக்கு இவ்வளவு தருகிறேன், முடியுமா என்று கேட்டாள். அதில் பொய் பாதிதான். மாமி ஒரு பிளவுஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நூல் மட்டும் நல்லதாக வேண்டும் என்றார்.

மாமியின் கை சுத்தம். தீபாவளி முடிந்தும் வேலை தொடர்ந்தது. பொங்கலுக்குள் கை ஓரம் மடிப்பதும் அவரிடமே போனது. மதியங்களில் நஸ்ரினும் கூட வந்து உட்கார ஆரம்பித்தாள். அந்தப் பெண்கள் பேசியதெல்லாம் இங்கே சொல்லத் தேவையில்லை. எல்லாருக்கும் கொடுப்பதா, பார்த்துப் பார்த்துக் கொடுப்பதா என்ற பேச்சும் அதில் இருந்தது. எல்லாருக்கும் என்றால் தொகை சின்னதாகிவிடும், ஷரீஃப் கால் உடைந்து இரண்டு மாதம் படுத்திருந்தபோது ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்கு என்று நஸ்ரின் வாதாடினாள். படுத்தவனுக்கு அதிகமாகக் கொடு, ஆனால் நிற்கிறவளை ஒதுக்காதே என்றாள் சூடாமணி. இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

இதற்கிடையில் வாசல் சுவரில் ஐந்து புது மீட்டர்கள் ஏறின. ஸ்ரீரங்கன்தான் விண்ணப்பித்திருந்தார். தன் பில் குறைந்ததைப் பார்த்த பிறகு, இது தன் யோசனை என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டார். சூடாமணி மறுக்கவில்லை. அவளுக்கு வேண்டியது மீட்டர்.

அடுத்த முகாம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அன்று காலை விசாலாக்ஷி மாமி யாரும் கூப்பிடாமலே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். கார்டைத் திருத்தி இரண்டு வாரம் ஆகியிருந்தது. திருத்துவதற்கு முன்னால் மகனிடம் போனில் சொன்னாராம். அம்மா சாப்பிட்டாயா என்று கேட்டானாம் அவன்.

படிவம் நிரப்பும் மேசையில் ஒரு இளம்பெண் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். பெயர், வயது, முகவரி, வங்கிக் கணக்கு. தொழில் என்ற கட்டம் வந்ததும், மாமியின் வெள்ளை முடியைப் பார்த்துவிட்டு, இல்லத்தரசி என்று அவளாகவே எழுதப்போனாள்.

"இல்லைம்மா. தையல்னு எழுது" என்றார் மாமி.

இரண்டு மாதம் கழித்து, பதினைந்தாம் தேதி, மாமியின் பழைய போனில் வங்கியிலிருந்து செய்தி வந்தது. எழுத்து பொடியாக இருந்ததால் அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. சூடாமணியிடம் கொண்டுவந்து நீட்டினார். அவள் மிஷினை நிறுத்திவிட்டு, கணக்கில் ஆயிரம் ரூபாய் ஏறியிருக்கிறது என்று படித்துச் சொன்னாள். மாமி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போனை இடுப்பில் செருகிக்கொண்டு, ஹூக் தைக்க வேண்டிய பிளவுஸ்கள் எங்கே என்று கேட்டார்.