கசியாமல் குறைந்த எண்ணெய்

ஒரு மழைக்காலையில் எங்கள் பிக்அப் வண்டியின் பின்கதவு திறந்துகொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வெள்ளை விரிப்புகள் பதினொன்று சேற்றில் விழுந்தன. விழுந்த இடம் ஒரு மெக்கானிக் பட்டறை வாசல். நான் பதறிப்போய்ப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். வண்டி கழுவும் குழாயைத் திறந்து, முதலில் தன் கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். கிரீஸ் ஒட்டிவிடக் கூடாதே என்று. அதற்குப் பிறகுதான் துணியைத் தொட்டார். எல்லாவற்றையும் அலசிப் பிழிந்து ஏற்றிவிட்டு, நான் நன்றி சொல்லத் திரும்புவதற்குள் ஒரு காருக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. காலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அவரைத் தெருவில் எல்லோரும் 'பொறு' என்றே கூப்பிடுவார்கள். யார் போய் என்ன கேட்டாலும் முதலில் வரும் பதில் அதுதான்.

"அண்ணே, எப்ப முடியும்?"

"பொறு."

"கோளாறு என்னன்னாவது சொல்லுங்க."

"பொறுப்பா. வண்டி இன்னும் வாயத் தெறக்கல."

பக்கத்து டயர் கடைக்காரர் விடமாட்டார். "இவரு அம்மா வயித்துலயே பதினோரு மாசம் இருந்திருப்பாரு. வெளிய வாடான்னா பொறுன்னு சொல்லியிருப்பாரு" என்பார். பொறு அண்ணனும் சேர்ந்து சிரிப்பார்.

பன்னிரண்டு வயதில் லாரிப் பட்டறையில் சேர்ந்தவர். மனைவி இல்லை. வெளியூரில் நர்சாக இருக்கும் ஒரே மகளுக்கு ஞாயிறுதோறும் போன் செய்வார். அந்த நேரத்தில் மட்டும் பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்காது.

நானும் என் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரித் துணி வெளுத்துக் கொடுக்கிறோம். இவருக்கு இடது முழங்கால் தேய்ந்துபோய், கிளட்சை மிதிக்க முடியாமல் போனது. அதனால்தான் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு, ஆட்டோமேட்டிக் கியர் வைத்த இந்த பிக்அப்பை வாங்கினோம். இரண்டு மாதம் வெண்ணெயாக ஓடியது. பிறகு அதற்கு என்னமோ ஆகிவிட்டது. கியரைப் போட்டால் மூன்று நான்கு விநாடி யோசித்துவிட்டுத்தான் நகரும். மேட்டில் எஞ்சின் அலறும், வண்டி ஏறாது. வளைவில் திரும்பினால் இழுவையே விட்டுப்போகும்.

பெரிய பட்டறை ஒன்றில் காட்டினோம். ஓட்டிக்கூடப் பார்க்காமல், "கியர் பாக்ஸ் போயிடுச்சு. புதுசு மாத்துங்க, இல்லாட்டி வந்த விலைக்குத் தள்ளிடுங்க" என்றார்கள். புதுசு எங்களால் ஆகாது. வண்டி போனால் கிளட்ச் மிதிக்கும் வேறு வண்டியை இவரால் ஓட்ட முடியாது. ஆஸ்பத்திரி வேலையும் கையைவிட்டுப் போய்விடும். அன்று இவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

மறுநாள் பொறு அண்ணனிடம் போனோம். என்னைத் தங்கச்சி என்றார். அதனால் இவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார்.

"மாப்ள, ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

வண்டி ஓடிச் சூடாகும்வரை ஓட்டினார். திரும்பி வந்து சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே, கியர்க் கம்பியை ஒவ்வொரு இடமாகத் தள்ளித் தள்ளி நிறுத்திப் பார்த்தார். பிறகு பானெட்டைத் திறந்து, கியர் எண்ணெயின் அளவு பார்க்கும் குச்சியை உருவினார். குச்சியில் போட்டிருந்த கோட்டை எண்ணெய் தொடவே இல்லை. அடியில் ஒட்டியிருந்த ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் தொட்டு, வெயிலில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"செவப்பாத்தான் இருக்கு. கருகின வாடை இல்ல. இரும்புத் தூளும் இல்ல. உசுரு இருக்கு மாப்ள."

வண்டிக்கு அடியில் பெரிய அட்டையை விரித்து, வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். மறுநாள் காலையில் போனோம். அட்டையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ரேடியேட்டர் தண்ணீரிலும் எண்ணெய் கலக்கவில்லை என்றார். அப்படியே உட்கார்ந்து வெகுநேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டு நின்றேன்.

"கசியவும் இல்ல, கருகவும் இல்ல. அப்ப எண்ணெய் எங்க போச்சு? மாப்ள, தினமும் எண்ணெய் யாரு பாக்குறது?"

இவர் பெருமையாகச் சொன்னார்: "இவதான். ஒரு நாள் தவறமாட்டா. காலைல சாமி கும்பிட்டதும் நேரா பானெட்டத்தான் தெறப்பா."

பொறு அண்ணன் என்னைப் பார்த்தார். "நல்ல பழக்கம்" என்றார். உடனே இவரிடம், "மாப்ள, முக்குக் கடைல இந்த எண்ணெய் கெடைக்கும், வாங்கிட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார். இவர் தலை மறைந்த பிறகுதான் மெதுவாகக் கேட்டார்.

"ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே பாப்பியாம்மா?"

"ஆமாண்ணே. பழைய வண்டில எஞ்சின் எண்ணெய அப்படித்தானே பாப்போம்."

"கோட்டுக்கு மேல நின்னிருக்குமே?"

நின்றதுதான். அதிகமானால் கெடுதல் என்று, பெரிய ஊசிக்குழாயில் ரப்பர் குழாய் மாட்டி, கோடு வரும்வரை உறிஞ்சி எடுத்துவிடுவேன். மறுபடி ஏறி நின்றால் மறுபடி எடுப்பேன். எடுத்ததை வீணாக்காமல் கேனில் ஊற்றி வண்டியிலேயே வைத்திருந்தேன். கொண்டுவந்து காட்டினேன்.

"இந்த எண்ணெய் எஞ்சின் ஓடுறப்ப உள்ள சுத்தும்மா. நிறுத்தினா கீழ எறங்கி நெறைய இருக்கிற மாதிரி காட்டும். ஓடுறப்பதான் நெசம் தெரியும்."

கேனில் இருந்ததை அளந்தார். ஒன்றே முக்கால் லிட்டர். இவர் வாங்கிவந்த புது எண்ணெயை, எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஊற்றுவார், குச்சியைப் பார்ப்பார், பொறுப்பார். ஒன்றே முக்கால் லிட்டரில் எண்ணெய் கோட்டில் வந்து நின்றது. ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல், மூடிய இரும்புக்குள் நடந்ததை இந்த மனுஷன் எப்படிக் கண்டார்? கடவுள் சிலருக்கு இன்னொரு கண்ணை எங்கேயோ ஒளித்து வைத்துக் கொடுக்கிறார்.

மேட்டில் வண்டி கியரைப் போட்ட உடனே ஏறியது. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதார். "என்ன கோளாறு மாமா?" என்று கேட்டார்.

"எண்ணெய் கொறஞ்சிருந்துச்சு. ஊத்தியாச்சு." அவ்வளவுதான் சொன்னார்.

நானே இவரிடம் உண்மையைச் சொல்ல ஒரு வாரம் ஆனது. இவர் சிரித்த சிரிப்பில் அடுப்படிப் பாத்திரம் அதிர்ந்தது.

ஆறு வருடம் கழித்து, கண் புரை முற்றிப்போய், பொறு அண்ணன் பட்டறையை மூடிவிட்டு மகளிடம் கிளம்பினார். பஸ் ஏறும்போது பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். "அண்ணே, அன்னைக்கு என்னைக் காட்டிக் கொடுக்கலயே, ஏன்?"

அவர் படியில் ஒரு காலை வைத்தபடி சொன்னார்: "என் கைக்கு வந்த மொத ஆட்டோமேட்டிக் வண்டிய நானும் அப்படித்தாம்மா உறிஞ்சிக் கெடுத்தேன். அது பொழைக்கல. நான் யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. ஒன்னோடது பொழைச்சிடுச்சு, போம்மா, மாப்ள காத்திருக்காரு."